சதுரமாகவே சரியுங்கள், பிறகு உருட்டலாம்

மகாகனிக் கட்டையில் ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்கான கழுத்தை வெட்டிவிட்டீர்கள். கழுத்து வளையாமல் காக்க உள்ளே வைக்கும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடுக்குப் பள்ளமும் எடுத்தாயிற்று. இனிப் பின்புறத்தை உருட்டுவது எப்படி, நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு கட்டை) ஹீல் வரை (கழுத்து உடலோடு சேரும் தடித்த அடி) சீரான சரிவைக் கொண்டுவருவது எப்படி, அதற்கு ரூட்டர் (சுழலும் வெட்டுமுனையுள்ள மின்கருவி) வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: "அரத்தை எடுத்து மூன்று நாளாகிறது, இன்னும் மரத்தில் வைக்கவில்லை." உங்கள் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே நிறுத்துவது, நிறுத்தாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் உங்களைத் தடுக்கிறது. ரூட்டருக்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறைகளுக்கு மர பேட்டர்ன் (மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். மண்ணை உடைக்காமல் பேட்டர்ன் வெளியே வர வேண்டும் என்பதால் எங்கள் வேலையில் எல்லாப் பக்கமும் டேப்பர்தான். சரிவில்லாத சுவர் ஒன்றைக்கூடச் செய்ததாக நினைவில்லை. பிறகு பதினெட்டு வருடமாகக் கிட்டார். நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் செய்திருக்கிறேன். அவற்றில் எலெக்ட்ரிக் நான்கே நான்கு. எனவே கீழே சொல்வதை ஸ்டீல் கம்பி, நைலான் கம்பிக் கிட்டார்களுக்கு நம்பலாம். எலெக்ட்ரிக் கழுத்துக்கு என் சொல்லை அரை எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லோரும் நெக் என்றுதான் சொல்கிறோம், இங்கே கழுத்து என்றே எழுதுகிறேன்.

நீங்கள் "உருட்டுவது" என்று ஒரே சொல்லில் சொல்வது மூன்று தனி வேலை. நட்டுப் பக்கம் குறுகலாகவும் உடல் பக்கம் அகலமாகவும் போவது ஒடுக்கம். நட்டிலிருந்து ஹீல் நோக்கிக் கனம் கூடிக்கொண்டே போவது சரிவு. உள்ளங்கையில் உட்காரும் வளைவு மூன்றாவது. முதன்முறை செய்பவர்கள் மூன்றையும் ஒரே அரத்தால் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறார்கள். வளைந்த பரப்பின் மேல் நேர்க்கோட்டுச் சரிவைச் சரிபார்க்க எந்த மட்டமும் உட்காராது. கண்ணை நம்பிச் சீவுவார்கள், கண் ஏமாற்றும். நான் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: ஒடுக்கத்தையும் சரிவையும் குறுக்குவெட்டு நீள்சதுரமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முடியும் வரை வளைவைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள்.

எல்லா அளவுக்கும் தாய், விரல் வைத்து வாசிக்கும் விரற்பலகையை ஒட்டும் மேல்முகமும் அதன் நடுக்கோடும்தான். மேல்முகம் முறுக்கில்லாமல், நேர்ச்சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் கசியாமல் இருக்க வேண்டும். பக்க விளிம்பிலிருந்து எதையும் அளக்காதீர்கள். விளிம்பு சாய்ந்தது, அதிலிருந்து அளந்தால் நடுக்கோடு எங்கோ போய்விடும், கம்பி ஒரு பக்கம் விளிம்பில் தொங்கும். நீங்கள் கொடுத்த அளவுகளையே எடுத்துக்கொள்வோம்: ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து உடலில் கம்பி கட்டும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) 645 மி.மீ., நட்டில் அகலம் 44.5, 12ஆம் ஃப்ரெட்டில் (விரற்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளே ஃப்ரெட்) 56. பன்னிரண்டாம் ஃப்ரெட் எப்போதும் ஸ்கேலின் சரிபாதி, அதாவது நட்டிலிருந்து 322.5 மி.மீ. அந்தத் தூரத்துக்குள் பக்கத்துக்கு 5.75 மி.மீ. விரிகிறது, கோணமாகச் சொன்னால் பக்கத்துக்கு ஏறக்குறைய 1 பாகை. இரண்டு இடத்திலும் நடுக்கோட்டிலிருந்து பாதி அகலத்தைக் குறித்து, நீளமான இரும்புச் சட்டத்தை வைத்துக் கோடு இழுத்துவிட்டால் ஒடுக்கம் முடிந்தது. கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை இழைப்புளியால் எடுங்கள். விரற்பலகையையும் இதே அளவில் தனியாகச் சீவி வைத்துக்கொள்ளலாம். நான் கழுத்தை அரை மில்லிமீட்டர் பெரிதாக வைத்து, ஒட்டிய பிறகு பலகைக்குச் சமமாகக் கொண்டுவருவேன்.

இனிக் கனம். இங்கேதான் பயப்பட நியாயம் இருக்கிறது. பலரும் வைக்கும் அளவு, விரற்பலகையையும் சேர்த்து, 1ஆம் ஃப்ரெட்டில் 21 மி.மீ., 9ஆம் ஃப்ரெட்டில் 23. விரற்பலகை 6 மி.மீ. என்றால் கழுத்து மரத்துக்கு முறையே 15, 17. உங்கள் ராடுக்குப் பள்ளத்தின் ஆழம் 9.5 என்று எழுதியிருக்கிறீர்கள். 15லிருந்து 9.5 போனால் பள்ளத்துக்கு அடியில் 5.5 மி.மீ. மரம். அது போதும். 4 வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன், நான் போக மாட்டேன். ஏனென்றால் என் இரண்டாவது கிட்டாரில் இந்தக் கழித்தலைச் செய்யாமல் சீவினேன். 3ஆம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்தியபோது மரம் மெல்ல உள்வாங்கியது. தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம். இன்னும் நாலு இழுப்பு, ராடு வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் கழுத்து இன்றும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, புதிதாக வேலை கற்க வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான். ஆகவே அரத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் மூன்று எண்களையும் கழுத்தின் பக்கவாட்டிலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: பலகைக் கனம், பள்ளத்தின் ஆழம், அடியில் மிஞ்சும் மரம். ராடு வளைந்து உட்காரும் பழைய வகையாக இருந்தால் பள்ளம் நடுவில் ஆழமாக இருக்கும். அப்போது ஆழத்தை நட்டுப் பக்கம் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

மெல்லிய கழுத்துதான் வேகமாக வாசிக்க வரும் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிறகு பேசுவோம். ஆனால் ஒரு கணக்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது: வளைக்கும் விசைக்கு எதிரான விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 21 மி.மீ. கழுத்தை 19 ஆக்கினால் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். லைட் வகை ஸ்டீல் கம்பிகளைச் சுருதி சேர்த்தால் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலான் கம்பிகள் ஏறத்தாழ 40. கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ திருகிச் சரிசெய்யும் ராடுக்கு 1923இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் ஸ்டீல் கம்பிக் கழுத்துகள் மெலிய வழி பிறந்தது. மார்ட்டின் நிறுவனமோ 1934இல் கழுத்துக்குள் எஃகுப் பட்டை வைத்து, பிறகு சதுரக் குழாய்க்கு மாறி, திருகும் ராடுக்கு 1985இல்தான் வந்தது. ராடு இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் மெலிக்கலாம் என்று பொருளில்லை. அது வளைவைத் திருத்தும். இல்லாத மரத்துக்கு ஈடாகாது.

சரிவைச் செய்யும் விதம்: பக்கவாட்டில் 1ஆம் ஃப்ரெட் இடத்தில் மேல்முகத்திலிருந்து 15, 9ஆம் ஃப்ரெட் இடத்தில் 17 குறியுங்கள். ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் 1ஆம் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.2 மி.மீ.யில் வரும், மிஞ்சும் நீளத்தை இப்படியே வகுத்துக்கொண்டு போனால் 9ஆம் ஃப்ரெட் 261.5இல். இரண்டு புள்ளியையும் நேர்க்கோட்டால் இணைத்து, நட்டு வரைக்கும் ஹீல் வளைவு தொடங்கும் இடம் வரைக்கும் நீட்டுங்கள். மறு பக்கத்திலும் அதேபோல். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பின்முகம் தட்டையான ஒரு சாய்தளமாக வர வேண்டும், அவ்வளவே. 100 மி.மீ.க்கு 0.9 மி.மீ.தான் சரிவு என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதனால்தான் கோடு வேண்டும். நீள இழைப்புளி இருந்தால் பாதி மணி நேர வேலை. இழைக்கும் திசை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு: தடித்த ஹீல் பக்கத்திலிருந்து மெல்லிய நட்டுப் பக்கம் நோக்கி. எதிர்த்திசையில் போனால் நார் கிளம்பும். மகாகனியில் நார் சில இடங்களில் பின்னிக்கொண்டு ஓடும், அங்கே எந்தத் திசையும் ஒத்துக்கொள்ளாது. இழைப்புளியை வைத்துவிட்டு ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டுங்கள்.

பின்முகத்தின் மேல் இரும்புச் சட்டத்தை நீளவாக்கில் வைத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 5ஆம் ஃப்ரெட் பக்கம் குழிந்திருக்கும். கை வசதியாக எட்டும் இடத்தில் கை அதிகம் வேலை செய்கிறது, வேறு மர்மம் எதுவும் இல்லை. தட்டைப் பரப்பில் அந்தக் குழி உடனே தெரிந்துவிடும். உருட்டிய பிறகு அது வாசிப்பவரின் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும், அவரும் என்னவென்று சொல்லத் தெரியாமல் "ஏதோ சரியில்லை" என்பார்.

இப்போது வளைவு. உலக்கை கடைந்து எடுக்காமல் கையால் செய்த தச்சர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கோயில் தூண் செதுக்குகிறவர்களுக்கும் இதே வழிதான். சதுரத்தின் மூலைகளைச் சீவி எட்டுப்பட்டை, எட்டுப்பட்டையின் மூலைகளைச் சீவிப் பதினாறு பட்டை, அதற்குப் பிறகுதான் உருளை. சதுரத்திலிருந்து நேராக உருளைக்குப் போனவன் முட்டைதான் செய்வான். கழுத்து அரை உருளை என்பதால் நமக்கு வேலை பாதி. ஆனால் பட்டைக் கோட்டை எங்கே போடுவது என்பதைப் பலரும் உத்தேசமாக விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கணக்கு உண்டு.

ஒரு அரை வட்டத்தைச் சுற்றி நீள்சதுரம் போட்டு, 45 பாகையில் மூலையை வெட்டும் கோடு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டுமானால், அது நடுக்கோட்டிலிருந்து ஆரத்தின் 0.414 பங்குத் தூரத்தில் பின்முகத்தைச் சந்திக்கும். பக்கமுகத்தையும் மேலிருந்து அதே 0.414 பங்கில் சந்திக்கும். கழுத்து அரை வட்டமில்லை, அகலம் அதிகம், ஆழம் குறைவு. நீள்வட்டத்தின் பாதி என்று சொல்லலாம். வட்டத்தை ஒரு பக்கம் அமுக்கினால்தானே நீள்வட்டம், தொடும் கோடுகளும் சேர்ந்தே அமுங்கும். ஆகவே அதே பங்கு இங்கேயும் செல்லும்: பின்முகத்தில் நடுக்கோட்டிலிருந்து பாதி அகலத்தின் 0.414, பக்கமுகத்தில் ஒட்டுக்கோட்டிலிருந்து மரத்தின் ஆழத்தில் 0.414. கோணம் மட்டும் 45ஆக இருக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்; கோட்டிலிருந்து கோட்டுக்குச் சீவினால் கோணம் தானே வரும்.

உங்கள் அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். 1ஆம் ஃப்ரெட்டில் அகலம் 45.8, பாதி 22.9, பின்முகக் கோடு நடுவிலிருந்து 9.5 மி.மீ., பக்கக் கோடு 6.2. 9ஆம் ஃப்ரெட்டில் அகலம் 53.8, பாதி 26.9, பின்முகக் கோடு 11.1, பக்கக் கோடு 7. இந்த இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். ஒடுக்கமும் சரிவும் நேர்க்கோடாக ஏற்கெனவே முடிந்துவிட்டதால், அவற்றின் பங்காக வரும் இந்தக் கோடுகளும் நேர்க்கோடாகத்தான் இருக்கும். சட்டத்தை வைத்து இழுத்துவிடலாம். சதுரமாகவே சரியுங்கள் என்று இவ்வளவு நேரம் அடித்துச் சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. வளைவை முதலில் தொட்டிருந்தால் இந்தக் கோடுகளைப் போட இடமே இருந்திருக்காது.

பட்டை சீவ மர அரமே போதும். ஸ்போக்‌ஷேவ் எனப்படும், இருபுறமும் கைப்பிடி வைத்த சிறு இழைப்புளி கிடைத்தால் இன்னும் சுகம். இரண்டு கோடும் பாதித் தடிப்பில் மிஞ்சும்போது நிறுத்துங்கள். பென்சிலால் பட்டை முழுவதும் தீற்றிவிட்டு ஒரு சுற்றுச் சீவுங்கள். தீற்றல் எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே பள்ளம். ஒரு பக்கப் பட்டை முடிந்ததும் கழுத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டிவிட்டு மறு பக்கம் செய்யுங்கள். ஒரே நிலையில் நின்று இரண்டு பக்கமும் செய்தால் வலக்கைக்காரருக்குக் கழுத்தின் ஒரு தோள் எப்போதும் தடிப்பாகவே நிற்கும். நான் கழுத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது உண்டு. பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் கண்ணாடியில் துள்ளிக்கொண்டு தெரியும்.

பதினாறு பட்டைக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. முதல் பட்டையின் இரு விளிம்பிலிருந்தும் அதன் அகலத்தில் கால் பங்கு உள்ளே தள்ளிக் கோடு. பின்முகத்தில் நடுக்கோட்டுக்கும் பட்டை விளிம்புக்கும் இடையிலும், பக்கமுகத்தில் ஒட்டுக்கோட்டுக்கும் பட்டை விளிம்புக்கும் இடையிலும் ஏறக்குறையப் பாதியில் கோடு. அவற்றுக்கு நடுவே இருக்கும் முனைகளைச் சீவுங்கள். இதற்கு மேல் கை சொல்லும். மிஞ்சிய முனைகளைத் துணி முதுகுள்ள உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, காலணிக்குப் பாலிஷ் போடுவதுபோல் இரு முனையையும் பிடித்து மாறிமாறி இழுத்தால் கரைந்துவிடும். ஆனால் நாடா குறுக்கே மட்டும்தான் நேர்மையானது. நீளவாக்கில் அலையலையாக விட்டுவிடும். அதனால் பத்து இழுப்புக்கு ஒரு முறை, அடி நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி நீளவாக்கில் ஓட்டுங்கள். விரற்பலகை ஒட்டியிருந்தால் இன்னொரு தொல்லை: விரற்பலகையின் ஈட்டி மரம் கெட்டி, மகாகனி மிருது. குறுக்கே தேய்க்கும்போது மகாகனி மட்டும் கரைந்து ஒட்டுக்கோட்டில் ஒரு படி விழும். அந்த இடத்தில் உப்புத்தாளைக் கையில் பிடிக்காமல் கெட்டியான கட்டையில் வைத்துத் தேய்த்தால் தப்பிக்கலாம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூக்கில் எரிச்சலும் கொடுக்கும். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

சி வடிவம், டி வடிவம், வி வடிவம் என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன 0.414 சுத்தமான நீள்வட்டம், சி என்று அழைப்பதற்கு மிக அருகில் வருவது. பங்கை 0.5க்குக் கொண்டுபோனால் தோள் நிறைந்து டி பக்கம் போகும், 0.35க்குக் குறைத்தால் தோள் சரிந்து வி பக்கம் போகும். இரண்டாவது வழியில் சீவிய மரம் திரும்பி வராது. எனவே முதலில் 0.5இல் நில்லுங்கள், பிடித்துப் பாருங்கள், பிறகு குறைக்கலாம். உங்களுக்குப் பிடித்த கிட்டார் நண்பரிடம் இருந்தால் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. சால்டரிங் ஈயக் கம்பியை அதன் கழுத்தில் 1ஆம் ஃப்ரெட்டிலும் 9ஆம் ஃப்ரெட்டிலும் சுற்றி வளைத்து, மெல்ல எடுத்து, தாளில் வைத்து உட்புறக் கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். அதைக் கெட்டி அட்டையில் வெட்டினால் அச்சு தயார். கனத்தை வெர்னியரால் எடுக்கும்போது ஃப்ரெட் கம்பியின் மேலே அளந்துவிடாதீர்கள், அது 1 மி.மீ. கூடக் காட்டும்.

மெல்லிய கழுத்தும் வேகமும் பற்றிய உங்கள் நண்பரின் கருத்துக்கு வருகிறேன். இது எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதியில்லை. சிறிய கையுள்ளவர்கள் என் தடித்த கழுத்துகளை விரும்பி வாங்கியிருக்கிறார்கள். ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பார் கார்டுகளை நெடுநேரம் பிடிக்கும்போது உள்ளங்கைக்குள் ஏதாவது நிறைந்திருப்பது வலியைக் குறைக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். நீளமான விரலுள்ள ஒருவர் 20 மி.மீ. கேட்டு, ஆறு மாதத்தில் திருப்பிக்கொண்டு வந்தார். கையின் அளவை வைத்துக் கனத்தைச் சொல்லும் சூத்திரம் எதையும் நான் நம்புவதில்லை. ஒலியைப் பற்றியும் அப்படித்தான். கழுத்து தானும் அதிர்கிறது, அதன் அதிர்வு ஏதாவது ஒரு சுரத்தோடு ஒத்துப்போனால் அந்தச் சுரம் சீக்கிரம் சாகிறது. இது எலெக்ட்ரிக், பேஸ் கிட்டார்களில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் பின்புற வளைவு சியா டியா என்பதால் உங்கள் கிட்டார் எப்படி ஒலிக்கும் என்று யாராவது நிச்சயமாகச் சொன்னால், கேட்டுக்கொண்டு தேநீர் குடியுங்கள்.

விரற்பலகையைச் சீவுவதற்கு முன் ஒட்டுவதா, பின் ஒட்டுவதா என்பதில் நல்ல கைவினைஞர்களே இரண்டு கட்சி. முன்பே ஒட்டினால் கழுத்து கெட்டியாக நிற்கும், அளவு எடுப்பது எளிது. நான் மற்றக் கட்சி. கட்டையின் வெளிப்பக்கத்தைச் சீவியதும் உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை விடுபட்டு மரம் அசையும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எட்டுப்பட்டை வரை, இறுதி அளவைவிட 1.5 மி.மீ. தடிப்பாகச் சீவிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் காற்றோட்டமாக வைத்துவிடுவேன். பிறகு மேல்முகத்தை மறுபடி மட்டமாக்கி, பலகையை ஒட்டி, கடைசி வளைவை முடிப்பேன். அப்படி மறுபடி மட்டமாக்கும்போது பள்ளத்தின் ஆழமும் குறைகிறது, ராடு இன்னும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு, அது ஒட்டுமுகத்தை உப்ப வைத்துக் கழுத்தைப் பின்பக்கம் வளைக்கப் பார்க்கும். ஃப்ரெட் கம்பிகளை அடித்து இறக்கும்போதும் அதே பக்கம்தான் தள்ளும். ஒட்டி ஒரு வாரமாவது விடாமல் விரற்பலகையை மட்டமாக்காதீர்கள். வெளிநாட்டு நூல்களில் மரத்தின் ஈரம் 6–8 சதவீதம் என்று படித்துவிட்டுச் சென்னையில் காத்திருந்தால் ஆயுள் போதாது. கடற்கரைக் காற்றில் அது 12–13க்கு அருகிலேயே நிற்கும். எண்ணைவிட, வாரத்துக்கு வாரம் எடை மாறாமல் நிற்கிறதா என்பதைப் பாருங்கள். சமையலறைத் தராசு போதும்.

ஹீலும் தலைப்பகுதியும் சேரும் இரண்டு இடங்களுக்கும் மேலே சொன்ன நேர்க்கோடுகள் பொருந்தாது. அவற்றைக் கடைசிக்கு விடுங்கள். நடுத்தண்டு முடிந்த பிறகு, அரைவட்ட அரத்தின் உருண்ட பக்கத்தால் ஹீல் உச்சியிலிருந்து தண்டை நோக்கி இறங்குங்கள். தண்டிலிருந்து ஹீலுக்கு ஏறினால் நார் கிழியும். நட்டுக்குப் பின்னால் மரம் மிகமிக மெல்லியதாக இருக்கும் இடத்தில், ராடைத் திருகும் துளையும் அங்கேயே வந்தால், அழகுக்காகக்கூட இன்னும் அரை மில்லிமீட்டர் எடுக்காதீர்கள். கீழே விழுந்த கிட்டார்களில் என்னிடம் பழுதுக்கு வருபவை பெரும்பாலும் அங்கேதான் ஒடிந்திருக்கின்றன.

ரூட்டர் வாங்க வேண்டாம். பக்கத்துக்கு ஒரு தண்டவாளக் கட்டை வைத்து, நட்டுப் பக்கத்தை 2 மி.மீ. தாழ்த்தி, ரூட்டரை மேலே ஓட்டினால் சரிவு பத்து நிமிடத்தில் துல்லியமாக வரும் என்பது உண்மைதான். மாதம் நாலு கழுத்து செய்கிறவனுக்கு அது சரி. ஒரு கழுத்துக்கு அந்தத் தண்டவாளத்தைச் செய்யும் நேரத்தில் இழைப்புளியால் வேலை முடிந்துவிடும். அதைவிட முக்கியம், அரம் ஒரு இழுப்பில் அரை மில்லிமீட்டர்கூட எடுக்காது. ரூட்டர் நாரைப் பிடித்து இழுத்தால் அரை நொடியில் விரல் அகலத் துண்டு பறந்துவிடும். உங்கள் பயத்துக்கு அரம்தான் மருந்து.

அப்படியும் அதிகமாகச் சீவிவிட்டால்? பலகையை இன்னும் ஒட்டவில்லை, பள்ளத்துக்கு அடியில் 4 மி.மீ.க்குக் குறையவில்லை என்றால் வழி உண்டு. விரற்பலகைக்கும் கழுத்துக்கும் நடுவில் 0.6 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒன்றோ இரண்டோ வைத்து ஒட்டுங்கள், அல்லது 6 மி.மீ. பலகைக்குப் பதில் 7 எடுங்கள். கையில் பிடிக்கும் மொத்தக் கனம் திரும்பி வந்துவிடும். ஃப்ரெட் தளம் அவ்வளவு உயரும், எனவே கழுத்தை உடலோடு சேர்க்கும் கோணத்தையோ பிரிட்ஜின் உயரத்தையோ அதற்கேற்பப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இன்னும் உடலோடு சேர்க்கவில்லை என்பதால் கஷ்டமில்லை. என் மூன்றாவது கிட்டாரில் ஈட்டிக்கும் மகாகனிக்கும் நடுவே இரண்டு கறுப்புக் கோடு ஓடும். வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து, இதே மாதிரி எனக்கும் வைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும் என்றுதான் சொல்கிறேன்.